இளைக்காத மனுஷர்

சென்டுல், கோலாலம்பூர்
17-3-1957

சீதாவின் அப்பாவுக்கு சிவகாமசுந்தரி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. 'எப்போது வருகிறாய்' என்ற ஒன்றையே சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறீர்கள். பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பாசாமி அண்ணன்தான், "புருஷனுக்கு ஒரு கடுதாசி போடறதுல என்னம்மா கொறஞ்சிடப் போவுது" என்று பேனாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது.

போன ஞாயிறு நம் பக்கத்து வீட்டு சாரதாம்பாள் அக்கா இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தது. என்னைப் பார்த்ததும், "என்னாடி இப்படி ஈர்க்குச்சியா போயிட்டே" என்று கட்டிக்கொண்டு அழுதது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வீட்டுக்காரரு பரவால்லடி. நல்லா ஊதிட்டாரு. சட்டை பட்டன் போட மாட்டேங்குது" என்றது. பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அண்ணியும் கேட்டது. எனக்கு மானமே போய்விட்டது.

புரட்டாசியில் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தோம். ஆறு வயதுப் பிள்ளை. ஒரே பிள்ளை. எனக்கு இன்னும் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. உங்களுக்கோ சட்டை போதவில்லை. ஒரு வீட்டில் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு பேர் இப்படியா இருப்பார்கள்?

நான் ஓய்வுக்காக அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பதாக எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். ஓய்வும் இல்லை, ஒன்றும் இல்லை. கோபத்தில்தான் வந்தேன். சாயங்காலம் நீங்கள் வாயை மென்றுகொண்டே வாசற்படி ஏறுவதை என்னால் பார்க்க முடியவில்லை. துக்கம் இருக்கிற உடம்பு இளைக்கும். இளைக்காத மனுஷரோடு ஒரு கூரையின் கீழ் இருந்து நான் என்ன பேசுவது? வரமாட்டேன்.

சிவகாமசுந்தரி


காஜா பெராங், மலாக்கா
24-3-1957

சிவகாமிக்கு,

சாரதாம்பாள் அக்காவுக்குக் கண்ணிலேயே தராசு இருக்கிறது. ரப்பர் கிட்டங்கியில் எடை போடுகிற என் வேலையை அதற்கே கொடுத்துவிடலாம் என்று முதலாளி தௌக்கேயிடம் சொல்லப் போகிறேன்.

சரி, மறைக்கவில்லை. ஏறித்தான் இருக்கிறேன். போன வாரம் ரப்பர் ஷீட்டுகளை எல்லாம் நிறுத்து முடித்ததும் தௌக்கே விளையாட்டாக என்னையும் தராசு மேடையில் ஏறச் சொன்னார். ஒரு பிக்குல் முப்பது காத்தி, மொத்தம் நூற்றுமுப்பது காத்தி காட்டியது. போன வருஷத்தைவிட இருபது காத்திக்கு மேல் அதிகம். "லூ சுடா கெமோக்!" என்று கைகொட்டினார். குண்டாகிவிட்டேனாம். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். தராசில் நின்றுகொண்டு அழவா முடியும்?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நான் சாப்பிடுவது இரண்டே வேளை. காலையில் வெறும் கோப்பி. மத்தியானம் கடைச் சோறு, அதிலும் மறுசோறு கேட்பதில்லை. ராத்திரி நானே பொங்கி, நானே ஒரு ரசம் வைத்து, அது ரசமா வெந்நீரா என்று எனக்கே தெரியாமல் குடித்துவிட்டுப் படுக்கிறேன். இதில் எங்கிருந்து சதை வரும்? உன்மேல் சத்தியமாக மூன்றாம் வேளை ஒரு பருக்கை தொட்டதில்லை. வெறும் காற்றிலேயே ஊதுகிற உடம்பு போலிருக்கிறது.

துக்கத்தைக் காத்திக் கணக்கில் பார்க்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? குளிக்கிற இடத்தில் சீதாவுக்குத் துண்டு மாட்ட எட்டும்படி தாழ்வாக ஓர் ஆணி அடித்திருந்தேனே, தினமும் அதில் முழங்கையை இடித்துக்கொள்கிறேன். பிடுங்க மனம் வரவில்லை. இதை எந்தத் தராசில் வைப்பாய்?

சித்திரை முதல் தேதிக்காவது வந்துவிடு.

கலியாணசுந்தரம்


சென்டுல்
21-4-1957

சீதாவின் அப்பாவுக்கு,

சித்திரை வந்தது, போனது. நான் வரவில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததே பெரிது.

பெரியாஸ்பத்திரியில் கடைசிச் சாயங்காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. குடல் காய்ச்சல், கெட்டியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, பார்லித் தண்ணீர் மட்டும்தான் என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். நீங்கள் கிட்டங்கியிலிருந்து நேராக வந்தீர்கள், கையில் பிள்ளை கொறிக்கிற கச்சாங் பொட்டலத்தோடு. பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டியது. நர்ஸ் தடுத்தாள். நான், "அறிவிருக்கா ஒங்களுக்கு? கொண்டு போங்க" என்று கத்தினேன். நீங்கள் இறங்கிப் போனீர்கள்.

திட்டிவிட்டோமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நீங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் நின்று அந்தப் பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தீர்கள். ஒன்றுவிடாமல், காகிதத்தைக் கவிழ்த்து, தூளைக்கூட வாயில் கொட்டிக்கொண்டீர்கள். மேலே பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விடிந்தபோது அது இல்லை.

என் கண்ணை மூடினால் பிள்ளை முகம் வர வேண்டும். வருவதில்லை. நீங்கள் தின்றுகொண்டு நிற்பதுதான் வருகிறது. அதன்பிறகு உங்கள் உடம்பில் ஏறின ஒவ்வொரு காத்தியும் எனக்கு அந்த மரத்தடிதான். ஒரு பருக்கை தொடவில்லை என்று என்மேலேயே சத்தியம் செய்கிறீர்கள். கண்ணால் பார்த்தவளிடம் வேண்டாம்.

சிவகாமசுந்தரி


காஜா பெராங்
30-6-1957

சிவகாமிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு தரம் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ பார்த்தது பார்த்ததுதான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஏன் தின்றேன் என்று எனக்கே தெரிந்தால்தானே உனக்கு எழுத முடியும்.

இப்போது வேறு விஷயம். உன் அண்ணனுக்குச் சேதி வந்து, அவர் வழியாக நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. இந்த மாதம் ஒரு நாள் கிட்டங்கி மாடிப்படியில் பாதியில் மூச்சு நின்ற மாதிரி ஆகி உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் வீங்கியிருந்தது. தௌக்கே தன் காரிலேயே ஏற்றி, தனக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுறனீர்?" என்றார்.

"ரெண்டு வேளைங்கய்யா."

"இடையில?"

"ஒண்ணுமில்லைங்க."

அவர் விரலால் என் சட்டைப் பையைக் காட்டினார். "அப்ப உது என்ன?"

குனிந்து பார்த்தேன். முதல் நாள் பொட்டலம் பாதி காலியாகி, வாய் சுருட்டிப் பையில் இருந்தது. "இது கச்சாங்குங்க. சாப்பாடு இல்லைங்களே" என்றேன். அங்கே நின்ற, மருந்து கட்டுகிற டிரெசர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "சோறும் கச்சானும் வயித்துக்கு ஒண்டுதான்" என்றார்.

சிவகாமி, நான் பொய் சொல்லவில்லை. சோறு தின்றால்தான் சாப்பாடு என்றுதானே நமக்குப் பழக்கம். விரதத்தன்று நீகூட அப்பளமும் வடையும் தின்றுவிட்டு 'இன்னும் சாப்பிடலை' என்பாய். நானும் அப்படியே இருந்துவிட்டேன். கை தானாகப் பைக்குப் போகிறது, வாய்க்கு வருகிறது, எனக்குச் சேதியே வருவதில்லை.

மருந்து கொஞ்சம்தான் கொடுத்தார். "இனி எதைத் தின்னுறதெண்டாலும் தட்டில வையும். இருந்து தின்னும். பேப்பர் வேண்டாம், ரேடியோ வேண்டாம், நடக்கவும் வேண்டாம். முதல்ல அதை வடிவாப் பாரும். பசிக்குதோ எண்டு உம்மை நீரே கேளும். பிறகு வாயில வையும்." இப்படியே போனால் இந்த இருதயம் நெடுங்காலம் தாங்காது என்றும் சொன்னார். இதையும் எழுதிவிட்டேன். பயமுறுத்துவதாக நினைக்காதே.

கலியாணசுந்தரம்


சென்டுல்
14-7-1957

சீதாவின் அப்பாவுக்கு,

தட்டில் வைத்துப் பார்த்துச் சாப்பிடுவதற்கு ஒரு டாக்டர் வேண்டியிருக்கிறது உங்களுக்கு. பச்சைப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்தது அது. ஆனாலும் கால் வீக்கம் என்று படித்ததும் பயந்துவிட்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும். உப்பைக் குறையுங்கள். மாடிப்படி ஏற வேண்டாம் என்று தௌக்கேயிடம் கேட்டுப் பாருங்கள்.

இங்கே சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறது. ரயில்வே வீடுகளுக்கெல்லாம் புதுப் பெயின்ட். அண்ணி திரைச்சீலை தைக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "பாருங்க, பெத்தவ எப்படிக் காஞ்சு போயிட்டா. இதுதான் தாய்ப்பாசம்" என்கிறது. அவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் சோறு இறங்கவில்லை என்பது சத்தியம். இப்போது பசிக்கிறது. நன்றாகவே பசிக்கிறது. ஆனால் இது அண்ணி வீட்டுச் சோறு. தட்டு காலியானதும் அண்ணி சட்டியை மூடிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் தாய்ப்பாசம் என்று சொன்ன அதே வாய் என்ன சொல்லுமோ. பசியோடு எழுந்து கை கழுவுகிறேன், அதையும் பிள்ளை கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். நானும் எழுதவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

இருக்கட்டும். தட்டில் வைத்துப் பார்த்தீர்களே, என்ன பார்த்தீர்கள்?

சிவகாமசுந்தரி


காஜா பெராங்
8-9-1957

சிவகாமிக்கு,

கொண்டாட்டமெல்லாம் இங்கேயும் நடந்தது. தெருவெல்லாம் கொடி, கிட்டங்கிக்கு லீவு. எல்லோரும் படாங் திடலுக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது.

டாக்டர் சொன்ன மறுநாளே, அன்று தின்ன வைத்திருந்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் பரப்பினேன். தௌக்கே மேசையில் இருக்கும் டின்னிலிருந்து அள்ளிய பிஸ்கட், ஆற்றுப்பாலத்துப் பக்கம் வாங்கிய பொரித்த வாழைப்பழம், கச்சாங் பொட்டலம் இரண்டு. தட்டு போதவில்லை. இவ்வளவும் தினமும் நான் நடக்கும்போதே எனக்குள் போயிருக்கிறது. நான் இரண்டு வேளைக்காரன்! வெட்கமாக இருந்தது. பிஸ்கட்டையும் பழத்தையும் விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் வாய் ஊறியது, பிறகு அதுவே மறந்துவிட்டது.

பொட்டலத்தை விட முடியவில்லை.

ஏன் இரண்டு என்று அன்றுதான் யோசித்தேன். ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி சுப்பையன் வண்டி நிற்குமே, என்னைத் தூரத்தில் கண்டதும் அவன் இரண்டைச் சுருட்டி நீட்டிவிடுவான். ஒன்றில் எல்லாம் கலந்திருக்கும். மற்றதில் கடலை கிடையாது, வெறும் பட்டாணியும் முறுக்குத் துண்டும், காரம் தூவாமல். நான் வாங்கிக்கொண்டு நடப்பேன். என்னுடையது பாலத்துக்குள் முடியும். பெரும்பாலும் அதுவும் முடியும், வீடு வருவதற்குள்.

அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சிவகாமி. அவன் இருப்பது வேறு பக்கம், நம் தெரு ஆட்களோடு பழக்கமில்லை. தை மாதத்தில் ஒரு நாள், "பாப்பா எப்படிங்க படிக்குது?" என்று கேட்டான். "படிக்குது" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. இந்த ஊரிலேயே நம் பிள்ளை உயிரோடு இருக்கிற இடம் அந்த வண்டி ஒன்றுதான். அவன் பட்டாணியை அள்ளும்போது அவளுக்காகவே அள்ளுகிறான். ஒன்று போதும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான்.

அந்த மரத்தடியும் இதுதான். நீ கொண்டு போகச் சொன்னாய். குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை, பிள்ளை கேட்ட பண்டம். வீட்டில் கொண்டுபோய் வைத்தால் நாளைக்கு அதை யார் பிரிப்பார்கள் என்று பயம் வந்துவிட்டது. அதனால் தின்றேன். தூளைக்கூட விடவில்லை, நீ பார்த்தது சரிதான். அவள் பங்கில் எதையும் கீழே சிந்த எனக்குத் துணிவில்லை. அன்றிலிருந்து தினமும் அவள் பங்கைத் தின்றுகொண்டிருக்கிறேன். அதுதான் என் உடம்பில் ஏறியிருக்கிறது.

டாக்டர் இன்னும் குறைய வேண்டும் என்கிறார். பார்த்துத் தின்னச் சொன்னார், பார்த்துவிட்டேன். பார்த்துப் பார்த்து, இப்போது சில நாளாக அதைத் தின்னவும் முடியவில்லை, வாங்காமல் வரவும் முடியவில்லை. ஒரு வாரப் பொட்டலம் சமையலறையில் அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது. என்ன செய்யட்டும்? நீயே சொல்.

கலியாணசுந்தரம்


சென்டுல்
15-9-1957

சீதாவின் அப்பாவுக்கு,

குழாயடியில் நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். வாளி நிரம்பி வழிந்தது தெரியவில்லை. பின்னால் நின்றவள் திட்டினாள்.

வாங்காதீர்கள் என்று பெற்றவள் எப்படி எழுதுவேன்? வாங்குங்கள் என்றால் உங்களைக் கொன்றவள் ஆவேன். ஒரு வருஷமாக உங்களை என்னென்னவோ நினைத்துவிட்டேன். மன்னிப்பு கேட்டு எழுதினால் இந்தக் காகிதம் போதாது, அதனால் கேட்கவில்லை.

சுப்பையனிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள், அந்தப் பாவம் என்மேல் இருக்கட்டும். எனக்கு நீங்களாவது வேண்டும். உடம்பு குறைந்து, கால் வீக்கம் வடிந்தது என்று டாக்டர் சொன்னால் எழுதுங்கள். நான் வருகிறேன்.

எறும்பு மொய்த்ததைக் குப்பையில் போடாதீர்கள். ஆற்றில் விடுங்கள்.

சிவகாமசுந்தரி


காஜா பெராங்
19-1-1958

சிவகாமிக்கு,

வெகுநாளாகக் கடிதம் போடவில்லை. நல்ல சேதியோடு எழுத வேண்டும் என்று இருந்தேன். சேதி நல்லதுதான். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப நீர் ஒரு மனுசன்" என்றார். கால் வடிந்துவிட்டது. இருபத்தோரு காத்தி குறைந்து, தராசு ஒரு பிக்குல் ஒன்பது காத்தி காட்டுகிறது. பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது.

சுப்பையனிடம் சொன்ன அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவன் வழக்கம்போல இரண்டையும் சுருட்டிவிட்டான். "ஒண்ணு போதும் சுப்பையா. புள்ள இல்ல. போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசியில போயிடுச்சு" என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கணக்குப் போட்டிருப்பான். பிறகு அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, பட்டாணியைத் திரும்ப டப்பாவில் கொட்டினான். முறுக்குத் துண்டைத் தனியாகப் பொறுக்கி அதன் டப்பாவில் போட்டான். சிவகாமி, ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை. நடுத்தெருவில், கோயிலுக்குப் போகிறவர்கள் பார்க்க நின்று அழுதேன். அதோடு நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு வேறு வழியில் வருகிறேன்.

இப்போது ஒரு வேடிக்கை. நான் இளைத்ததைப் பார்த்து ஊரே இப்போதுதான் என்னிடம் துக்கம் கேட்கிறது. சாரதாம்பாள் அக்கா கஞ்சி கொண்டுவந்து, "பாவம், புள்ளையப் பறிகொடுத்த மனுசன், உள்ளுக்குள்ளயே அரிச்சிடுச்சி பாரு" என்று கண்கலங்கியது. தௌக்கேகூடத் தோளைத் தட்டுகிறார். உனக்கும் இதற்குள் எழுதியிருப்பார்கள்.

அவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டு நீ வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போன வெள்ளிக்கிழமை கிட்டங்கியிலிருந்து வீடுவரை நடந்து வந்தேன். கதவைத் திறந்தேன், கால் கழுவினேன், உலை வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, வழிநெடுக ஒரு தரம்கூட நான் அவளை நினைக்கவில்லை. மழை வருமா என்று நினைத்தேன். அரிசி விலையை நினைத்தேன். அவளை நினைக்கவில்லை. கையில் அந்தப் பொட்டலம் இருந்தவரை இது நடந்ததே இல்லை.

துக்கத்தில் இளைத்தேன் என்று நினைக்காதே. துக்கம் இருந்தபோதுதான் நான் குண்டாக இருந்தேன். இது அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்ட உடம்பு. இந்த மனுஷனோடு இருக்க முடியும் என்றால் வா.

கலியாணசுந்தரம்


சென்டுல்
26-1-1958

சீதாவின் அப்பாவுக்கு,

படித்தேன். நாலைந்து தடவை படித்தேன். அண்ணனிடம் காட்டவில்லை.

உங்கள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். பிள்ளையை மறந்துவிட்டேன் என்று ஒரு தகப்பன் எழுதினால் கோபம் வர வேண்டும்தானே? வரவில்லை. உட்கார்ந்து தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நீங்கள் அவள் பங்கைத் தின்று அவளை வைத்திருந்தீர்கள். நான் உங்கள்மேல் கோபத்தை வளர்த்து வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அந்த மரத்தடியை நினைத்து வயிறு எரிவேன், அந்த எரிச்சலோடு அவளும் கூடவே இருப்பாள். இப்போது இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் அண்ணியிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். அண்ணி திரும்பிப் பார்த்தது, பிறகு சட்டியைத் திறந்து போட்டது. நன்றாகத்தான் இருந்தது. அதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நீங்கள் எழுதினதைவிட இது பெரிய குற்றமில்லை.

அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. இங்கே இருக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அண்ணன் ஏற்றிவிடுகிறது. சிரம்பானில் மாறி, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன். பஸ் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும். சாரதாம்பாள் அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

உலை வைக்கும்போது பழைய ஞாபகத்தில் அளந்துவிடாதீர்கள். இரண்டு பேருக்குத்தான் அரிசி போட வேண்டும்.

சிவகாமசுந்தரி